அச்சமும் ஆறுதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, பிள்ளைகளின் நடனம் உண்டு. இத்தகைய மேடையில் நோயைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் பேசுவது, மணவீட்டுக்குச் செல்பவன் மருந்துப் பெட்டியைச் சுமந்து செல்வது போல ஆகிவிடாதா என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் விடவில்லை. "2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் இந்த மண்டபத்தில் நம் விழா நடைபெறவில்லை. ஏன் நடைபெறவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டாமா?" என்றார். அவர் சொல்லில் நியாயம் இருந்தது. ஆகவே உங்கள் முன் நிற்கின்றேன்.

துன்பத்தை மறப்பது மனித இயல்பு. மறதி ஒரு மருந்து என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் கற்ற பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. நம் நாட்டில் கொரோனா நோயால் மாண்டவர்கள் என்று அரசின் கணக்கில் ஏறியவர்கள் மட்டுமே 5,30,000-க்கு மேல். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாடத்தை நினைவில் வைக்காமல் வீதியில் எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

அன்பர்களே, நாம் வாழும் இந்த மும்பை மாநகரம் அச்சத்தைப் புதிதாகக் கண்ட நகரம் அன்று. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்விப் பகுதியில், கோவாவைச் சேர்ந்த மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் ஒரு புதுவகைக் காய்ச்சலைக் கண்டு, இது பிளேக் என்று உரைத்தார். அடுத்த சில திங்களில் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் கதவை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நோயாளரைப் பிடித்துச் செல்ல அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை இட்டார்கள். மருத்துவமனைக்குச் சென்றவர் மீளமாட்டார் என்ற வதந்தி பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு சென்று மருத்துவமனை ஒன்றையே தாக்கினார்கள். நோயைக் காட்டிலும் வதந்தி விரைவாக ஓடும் என்பதற்கு அன்றே இந்நகரம் சான்று கண்டுவிட்டது. இன்று கைப்பேசியில் ஓடுகிறது. அன்று வாய்வழியே ஓடியது. வேறுபாடு அவ்வளவே.

அதே நகரத்தில், அதே அச்சத்தின் நடுவே, வேறொரு காட்சியும் உண்டு. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில் இருந்து பிளேக்கிற்குத் தடுப்பு மருந்து ஆக்கிய ஹாஃப்கின் என்னும் அறிஞர், 1897 சனவரி 10-ஆம் நாள், அம்மருந்தை முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். அவர் பெயரால் விளங்கும் நிறுவனம் இன்றும் பரேலில் உள்ளது. நோய் சற்றுத் தணிந்த பின், 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. காற்றும் ஒளியும் புகாத இருட்டு வீடுகளே நோயின் உறைவிடம் என்று கருதி, வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளும் பூங்காக்களும் அமைத்துப் புதிய குடியிருப்புகளை வகுத்தார்கள். அந்த மாதுங்காவில்தான் பின்னர் நம் முன்னோர் வந்து குடியேறினார்கள். கோயிலும் காய்கறி அங்காடியும் வாழை இலைக் கடையும் காப்பிக்கொட்டை வறுக்கும் மணமும் நிறைந்த அந்த வீதிகளில் நடக்கும்போது, இந்த நிழல் மரங்கள் ஒரு பெருநோயின் நினைவாக நிற்பவை என்று நாம் எண்ணுவதில்லை. அச்சத்தில் இருந்தும் நல்லது பிறக்கக்கூடும் என்பதற்கு நாம் குடியிருக்கும் வீதியே சான்று.

பின்னர் 1918-ஆம் ஆண்டில் இன்ஃப்ளூயன்சாக் காய்ச்சல் இதே துறைமுகத்தின் வழியாக உள்ளே புகுந்தது. நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை அது கொண்டது. இவற்றை எல்லாம் நான் பள்ளியில் படித்ததில்லை. 2020-இல் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோதுதான் தேடிப் படித்தேன். படித்தபோது ஒருவகை ஆறுதல் பிறந்தது. நமக்கு முன்னும் மனிதர்கள் இந்த இருளைக் கடந்திருக்கின்றார்கள். கடந்து வந்து, மீண்டும் திருமணம் செய்வித்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், பொங்கல் வைத்தார்கள் என்ற எண்ணமே அந்த ஆறுதல்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சு 22, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாம் அனைவரும் மாடங்களில் நின்று கை தட்டினோம்; சிலர் தாம்பாளத்தைத் தட்டினார்கள். அதன்பின் நகரம் அடங்கியது. நாள்தோறும் ஏறத்தாழ 75 இலட்சம் மக்களைச் சுமந்து செல்லும் உள்ளூர் இரயில்கள் நின்றன. மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார்கள். 21 நாள் நீண்டு நீண்டு திங்களாயிற்று. பொதுமக்கள் மீண்டும் உள்ளூர் இரயிலில் ஏற, அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் ஏற, 2021 பிப்ரவரி முதல் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

என் வீடு இருப்புப் பாதைக்கு அண்மையில் உள்ளது. நாற்பது ஆண்டுகளாக அந்த ஓசைக்கு இடையே உறங்கிப் பழகியவன் நான். இரயில் நின்ற முதல் இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஓசையால் உறக்கம் கெடும் என்று அறிந்திருந்தேன். ஓசை இன்மையாலும் கெடும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அந்நாளில் நான் எத்தகைய வீரனாக இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். பால் உறையைச் சோப்பு நீரில் கழுவினேன். காய்கறியை உப்பு நீரில் ஊற வைத்தேன். செய்தித்தாளை நிறுத்தினேன், ஆனால் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. காலையில் எழுந்ததும் நோயுற்றோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர் என்று பார்ப்பேன், நண்பகலில் பார்ப்பேன், நள்ளிரவில் விழித்தாலும் பார்ப்பேன். விரலில் மாட்டி உயிர்வளியின் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஓர் இரவு மூச்சு முட்டுவது போலத் தோன்றியது. நெஞ்சு படபடத்தது. நோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்து, எங்கள் குடும்ப மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் பதற்றம் இல்லாமல் கேட்டார்: "அந்தக் கருவியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அளக்கிறீர்கள்?"

"பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும், டாக்டர்."

"என்ன எண் காட்டுகிறது?"

"97, 98."

"காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா?"

"இல்லை."

"அப்படியானால் கருவியை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அவர்கள் அளக்கட்டும். இடையில் நீங்கள் கேட்டால் தர வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்திருப்பது கொரோனா அன்று, அச்சம். அதற்கும் மருத்துவம் உண்டு, நாளைக்குப் பேசுவோம்."

மறுநாள் அவர் விளக்கியது எனக்கு நன்கு நினைவிருக்கிறது. காட்டில் புலியைக் கண்டவன் ஓட வேண்டும். அதற்காக உடம்பு தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. இதயம் விரைந்து அடிக்கிறது, மூச்சு விரைகிறது, வாய் உலர்கிறது, கை கால் இறுகுகிறது. ஓடி முடித்ததும் எல்லாம் தணிந்துவிடும். ஆனால் புலி கண்ணுக்குத் தெரியாததாய் இருந்து, ஓடுவதற்கும் இடம் இல்லாமல் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் என்ன செய்வான்? ஆயத்தம் செய்த உடம்பு ஆயத்தமாகவே நிற்கும். விரைந்து விரைந்து மூச்சு விட்டால், காற்றுப் போதவில்லை என்ற உணர்வே மிகும். மூச்சு முட்டுவது இந்நோயின் அடையாளமாகவும் இருந்ததால், அச்சமே நோயைப் போல வேடம் பூண்டு வந்து நம்மை மேலும் அச்சுறுத்தியது. இதுவே அந்த நாளின் தனிக் கொடுமை.

இந்தத் துன்பம் எனக்கு மட்டும் நேர்ந்தது அன்று. கொரோனாவின் முதல் ஆண்டில் மட்டும் உலக அளவில் மனக்கலக்கமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு மிகுந்தன என்று உலக நல நிறுவனம் 2022-இல் அறிவித்தது.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவின் இலக்கணம் என்று வள்ளுவப் பெருந்தகை கருதுகின்றார். முகக்கவசம் அணிந்ததும், கை கழுவியதும், விலகி நின்றதும் அந்த அறிவின்பாற் பட்டவை. ஆனால் அதே வள்ளுவர், இடுக்கண் வந்தபோது உள்ளம் அழியாமல் இருப்பதற்கும் தனியாக ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கையைக் கழுவச் செய்யும் அச்சம் நமக்குத் துணை. கழுவிய கையை ஐம்பது முறை மீண்டும் கழுவச் செய்யும் கலக்கம் நமக்குப் பகை.

மருத்துவர் எனக்குச் சொன்னவை மூன்று. முதலாவது, செய்திக்கு நேரம் வகுத்தல்: மாலையில் ஒரு முறை, கால்மணி நேரம் போதும், படுக்கப் போகும் முன் வேண்டாம். இரண்டாவது, மூச்சு: உள்ளே இழுக்கும் நேரத்தைக் காட்டிலும் வெளியே விடும் நேரம் நீண்டதாக இருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைவதும், விடும்போது சற்றுத் தணிவதும் உடம்பின் இயற்கை. எனவே மெல்ல மெல்ல விடுபவன் தன் நெஞ்சைத் தானே தட்டிக் கொடுத்தவன் ஆகின்றான். மூன்றாவது, கைக்கு வேலையும் காதுக்கு ஒரு மனிதக் குரலும். "எண்களுக்கு முடிவு இல்லை, சார். முடிவுள்ள ஒரு வேலையை நாள்தோறும் செய்து முடியுங்கள்" என்றார்.

முடிவுள்ள வேலை! இச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. கீரை ஆய்ந்தால் முடிவு உண்டு. ஒரு குடம் விளக்கினால் முடிவு உண்டு. பழைய கடிதங்களை ஆண்டு வாரியாக அடுக்கினால் முடிவு உண்டு. என் மனைவி நாள்தோறும் வாயிலில் இட்ட கோலத்தை அதுவரை நான் நின்று பார்த்தவன் அல்லேன். விருந்தினர் வரமாட்டார் என்று தெரிந்தும், மாடிப்படியில் ஆள் நடமாட்டமே இல்லாத நாளிலும், அவள் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன். "விடிந்துவிட்டது என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா?" என்றாள். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் நேற்று வேறு, இன்று வேறு என்று நாள் பிரிந்தது. நாட்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்த காலத்தில் அது சிறிய உதவியா?

இவ்வாறே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிற்றின்பம்—சிற்றின்பம் என்ற சொல்லுக்கு நூல்களில் வேறு பொருள் உண்டு. நான் சொல்வது சிறிய இன்பம்—இருந்திருக்கும். வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பியின் மணம். மாடத்துத் துளசியில் புதிதாக விட்ட தளிர். ஊர்திகள் அடங்கிய வீதியில் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்ட குயிலின் குரல். தானே கடக்கும் என்று இருந்த பேரப்பிள்ளையின் கணக்குப் பாடத்தைக் கூட அமர்ந்து சொல்லிக் கொடுத்த பொழுது. மார்கழி இசைவிழாவுக்கு ஆண்டுதோறும் சென்னை சென்றவர்கள் 2020-இல் செல்ல இயலவில்லை. ஆனால் கச்சேரிகள் இணையத்தின் வழியே வீட்டுக்கு வந்தன. கூடத்தில் பாய் விரித்து, முன்வரிசை இடம் கிடைத்த பெருமையோடு கேட்டோம். கைதட்டல் ஒலி இல்லாத அந்தக் கச்சேரி குறையுடையதுதான். எனினும் குறையுள்ள இசையும் இசையே.

எனக்குக் கிட்டிய ஆறுதல்களில் தலையாயது அம்பாசமுத்திரத்தில் இருந்து வந்தது. அங்கே என் தமக்கையார் இருந்தார். என்னினும் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். நாள்தோறும் இரவு ஏழு மணிக்கு நான் தொலைபேசியில் அழைப்பது என்று வழக்கம் ஆயிற்று. பேசுவதற்குச் செய்தி ஏதும் இராது. நோயைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவரே ஒரு சட்டம் இட்டிருந்தார். "தம்பி, இன்றைக்கு என்ன குழம்பு?" என்பார். நான் சொல்வேன். "புளி கூடியிருக்கும், கொஞ்சம் வெல்லம் போடச் சொல்" என்பார். பிறகு அவர் வீட்டுக் குழம்பைச் சொல்வார். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பார். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக மற்றைய இருபத்துநான்கு மணி நேரமும் ஒழுங்காகச் சுழன்றது.

அன்பர்களே, இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் என் பேச்சு இனிமையாக முடியும். ஆனால் முழு உண்மை ஆகாது. கோலமும் காப்பியும் குயிலும் எனக்குக் கிடைத்தன. காரணம், எனக்கு இரண்டு அறையும் ஒரு மாடமும் திங்கள்தோறும் ஓய்வூதியமும் இருந்தன. என் வீட்டில் இருந்து சிறிது தொலைவில் தாராவி இருக்கின்றது. தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிற தொழில்களுக்காகவும் திருநெல்வேலிச் சீமையில் இருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய நம் மக்கள் அங்கே வாழ்கின்றார்கள். 2020 ஏப்ரல் முதல் நாள் அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஓர் அறையில் எட்டுப் பேர் வாழும் இடத்தில், ஒரே கழிப்பிடத்தை எத்தனையோ குடும்பங்கள் பயன்படுத்தும் இடத்தில், விலகி நில்லுங்கள் என்றால் எங்கே விலகுவது? நகராட்சி ஊழியரும் அப்பகுதி மருத்துவரும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தார்கள். நோயுற்றோரைப் பிரித்து வேறிடத்தில் வைத்துப் பேணினார்கள். அவ்வாண்டு சூலை 10-ஆம் நாள் உலக நல நிறுவனத்தின் தலைவரே, நோயைக் கட்டுக்குள் கொண்டுவரக்கூடும் என்பதற்குத் தாராவியையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆயினும் அதே திங்களில் நகரின் மூன்று வட்டாரங்களில் எடுத்த இரத்த ஆய்வு வேறொரு செய்தியும் சொன்னது: குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரை அந்நோய் முன்னரே தீண்டிச் சென்றிருந்தது, மற்றைய குடியிருப்புகளிலோ 16 விழுக்காடு. நோய் எல்லாரையும் சமமாக நடத்தும் என்று சொன்னவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீதிக்கு நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மிதிவண்டியில் ஓர் இட்லிக்காரர் வருவார். தாராவிக்காரர். ரப்பர் ஊதியை இரு முறை அழுத்துவார். எங்கள் வீட்டுச் சிறுவர்கள் தூக்குப் பாத்திரத்தோடு ஓடுவார்கள். மார்ச்சுத் திங்களில் அந்த ஒலி நின்றது. செப்டம்பரில் ஒருநாள் காலை அது மீண்டும் கேட்டது. என் உள்ளம் துள்ளியது, கீழே இறங்கினேன். ஆனால் எங்கள் சொசைட்டியின் வாயிலில் அறிவிப்புப் பலகை ஒன்று தொங்கியது. வெளி வணிகர் எவரும் வாயிலை அணுகக்கூடாது என்பது அதன் வாசகம். அதில் கையெழுத்து இட்ட மூவருள் நானும் ஒருவன்.

அவர் வாயிலுக்கு அப்பால் நின்று, "ஐயா, சுகமா?" என்றார். நான் இரண்டு அடி பின்னே நகர்ந்தேன். வேண்டும் என்று நகரவில்லை. கால் தானாக நகர்ந்தது. அதை அவர் கண்டார். கண்டு, தாமும் இரண்டு அடி பின்னே சென்று, "நீங்கள் பக்கத்தில் வர வேண்டாம், ஐயா. எல்லாரும் நல்லபடியாக இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். இன்றைக்குப் பாத்திரத்தில் இட்லியே இல்லை" என்றார்.

ஆறு திங்கள் தொழில் இழந்து, தம் பகுதியில் எத்தனையோ சாவுகளைக் கண்டவர், வெறும் பாத்திரத்தோடு என்னை நலம் விசாரிக்க வந்திருந்தார். எட்டாம் மாதம் முழுவதும் ஊரார்க்கு அறவுரை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்த நான், பின்னே நகர்ந்தேன். அன்று இரவு எனக்கு வந்த உறக்கமின்மை அச்சத்தால் வந்தது அன்று, நாணத்தால் வந்தது. மறுநாள் குழுவினரிடம் பேசி அப்பலகையின் வாசகத்தை மாற்றினோம். முகக்கவசத்தோடும் இடைவெளியோடும் வாங்கலாம் என்று எழுதினோம். நோயைத் தடுக்க அவ்வளவு போதுமானதாக இருந்தது. முன்னே எழுதியது நோய்க்காக எழுதியது அன்று, கலக்கம் எழுதியது.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே திங்களில் இரண்டாம் அலை வந்தது. அதன் கொடுமையை நான் விரிக்க வேண்டியதில்லை. இம்மண்டபத்தில் அதைத் தம் வீட்டுக்குள் கண்டவர்கள் பலர் இருக்கின்றார்கள். மே திங்களில் ஓர் இரவு ஏழு மணிக்கு நான் அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவர் என் தமக்கையார் அல்லர், அவர் மகன். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கின்றோம் என்றான். ஐந்தாம் நாள் அவர் மறைந்தார். நான் செல்ல இயலவில்லை. கைப்பேசியின் சிறு திரையில், அடையாளம் தெரியாத உடை அணிந்த நால்வர் சுமந்து செல்வதைக் கண்டேன். திரை நடுவே இரண்டு முறை உறைந்து நின்றது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நாளில் காப்பியும் கோலமும் மூச்சுப் பயிற்சியும் எனக்கு உதவவில்லை. சிறிய ஆறுதல்கள் கலக்கத்தைத் தணிக்கும். துயரத்தைத் தணிக்க அவற்றால் ஆகாது. துயரத்துக்கு வேண்டியவர்கள் மனிதர்கள். வந்து, ஒன்றும் பேசாமல், பக்கத்தில் அமரும் மனிதர்கள். நம் முன்னோர் இழவு கேட்பது என்று ஒரு வழக்கம் வைத்தார்களே, அதன் அருமை அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை ரப்பர் ஊதி ஒலித்தது. நான் இறங்கிச் செல்லவில்லை. காவலாளி சொல்லியிருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து மாடத்தில் இருந்து பார்த்தேன். அவர் போகாமல் நின்றிருந்தார். கீழே சென்றேன்.

"அக்காவா, ஐயா? எந்த ஊரில்?" என்றார்.

"அம்பாசமுத்திரம்."

"எனக்கு வீரவநல்லூர்தான். அந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான் நானும்" என்றார்.

அதன்பின் இருவரும் பேசவில்லை. அவர் மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாயிலுக்கு அப்பால் தரையில் அமர்ந்தார். நான் இப்பால் காவலாளியின் முக்காலியில் அமர்ந்தேன். இடையில் இரண்டு கோல் தொலைவு. இருவர் முகத்திலும் கவசம். அரைமணி நேரம் அவ்வாறே இருந்தோம். இட்லி ஆறிக்கொண்டிருந்தது, விற்க வேண்டிய பொழுது கழிந்துகொண்டிருந்தது. என் தமக்கையாருக்காக என்னிடம் இழவு கேட்க நேரில் வந்தவர் அந்த ஒருவரே. அந்தப் பழைய பலகை அங்கேயே தொங்கியிருந்தால் அவரும் வந்திருக்க முடியாது.

அன்பர்களே, நான் இதைச் சொல்வது உங்கள் கண்ணீரைப் பெறுவதற்காக அன்று. ஒரு வேண்டுகோளை முன்வைப்பதற்காக. இந்நகரத்துக்குப் பெருநோய் 1896-இல் வந்தது, 1918-இல் வந்தது, 2020-இல் வந்தது. இனி வாராது என்று எவரும் உறுதி கூற முடியாது. தடுப்பு மருந்தை அறிஞர்கள் ஆக்கித் தருவார்கள். நம் நாட்டில் 2021 சனவரி 16 முதல் அதைப் போடத் தொடங்கியதை நாம் அறிவோம். மருத்துவமனையை அரசு அமைக்கும். ஆனால் இரவு ஏழு மணிக்கு, "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பதற்கு எந்த அரசும் ஆள் அமர்த்தாது. அது சங்கத்தின் வேலை. சங்கம் என்ற சொல்லுக்கே கூடுதல் என்றுதானே பொருள்?

ஆகவே மூன்று செய்திகளைச் சங்கத்தின் முன் பணிவோடு வைக்கின்றேன். முதலாவது: நம் உறுப்பினர்களுள் பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கத் தனியாக வாழும் முதியோர் பலர். அவர்களின் பட்டியல் ஒன்று ஆக்குவோம். ஒவ்வொருவர்க்கும் ஓர் இளைஞர், நாள்தோறும் வேண்டாம், வாரம் இரு முறை, குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசட்டும். நோய் வந்தபின் தொடங்கினால் அது உதவி. இன்றே தொடங்கினால் அது உறவு. ஊரடங்கு நாளில் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெயிலில் அலைந்த நம் இளைஞர்களுக்கு இது பெரிய சுமை ஆகாது.

இரண்டாவது: மனக்கலக்கம் வெட்கத்துக்கு உரியது என்ற எண்ணத்தை விடுவோம். காய்ச்சலுக்கு மருத்துவரைக் காண்பது போலவே உறக்கமின்மைக்கும் நெஞ்சப் படபடப்புக்கும் காணலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடுவண் அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை நடத்தி வருகின்றது. 14416 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம். பல மொழிகளிலும் பேசலாம். இந்த எண்ணை இம்மலரின் இப்பக்கத்தைப் படிப்போர் குறித்து வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அடுத்த வீட்டார்க்குத் தேவைப்படலாம்.

மூன்றாவது: நம் விழாக்களுக்கு மாதுங்கா வருகின்றது, செம்பூர் வருகின்றது, முலுண்டு வருகின்றது. தாராவியில் இருந்து எத்தனை பேர் வருகின்றார்கள்? அடுத்த ஆண்டு இந்த மண்டபத்தின் முன்வரிசையில் அவர்களும் அமர வேண்டும். ஒரே ஆற்றின் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் இரண்டு கோல் தொலைவில் அமர்வதற்கு நோய் ஒரு காரணமாக இருக்கலாம். நோய் நீங்கியபின் காரணம் ஏது?

என் தமக்கையார் மறைந்தபின்னும் இரவு ஏழு மணி ஆனால் என் கை தொலைபேசியை நாடும். சில திங்கள் அந்நேரம் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. பிறகு அந்த நேரத்தில் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரை அழைக்கத் தொடங்கினேன். தனியாக வாழ்பவர். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல், "இன்றைக்கு என்ன குழம்பு?" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசை இல்லை. பிறகு, "இந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் நாலு வருஷம் ஆகிறது" என்றார். பருப்புக் குழம்பு என்றும் சொன்னார். அந்த அழைப்பு இன்றும் தொடர்கின்றது. இன்று அவர் இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கின்றார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கண்ணால் தடுக்கின்றார்.

விழா முடிந்து வீடு செல்லும்போது இரவு வெகுநேரம் ஆகிவிடும். நாளை இரவு ஏழு மணிக்கு யாரையேனும் அழைத்துப் பேசுங்கள்.